உறையூர் வீட்டு குரூப்: பாகவதர் புத்தகமும் தாம்பூலப் பையும்

ராஜி அக்கா: பெரியப்பா எண்பதாம் கல்யாணத்துக்கு புக் வந்தாச்சு. 200 காப்பி. அந்தக் கால சினிமா பாட்டு ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதர் வாழ்க்கை வரலாறு. அட்டை ரொம்ப நல்லா இருக்கு 🙏

கார்த்தி: 👌👌

சுந்தரம் சித்தப்பா: முழுசா படிச்சுட்டேன். இப்படியே கொடுக்கக் கூடாது.

கார்த்தி: போச்சு

சுந்தரம் சித்தப்பா: முதல் பக்கத்துலயே திருச்சியில பிறந்தார்னு இருக்கு. பிறந்தது மாயவரம், 1910 மார்ச் 1. வளர்ந்ததுதான் திருச்சி.

ராஜி அக்கா: மாயவரமா? என் மாமியாருக்கு இப்பவே ஃபார்வர்டு பண்றேன் 😂

லலிதா அத்தை: ஏய் பண்ணாதே. ஏற்கனவே அவங்க ஊர் பெருமை தாங்கல

குமார் மாமா துபாய்: Bhagavathar என்ன, எல்லாருமே மாயவரம்தான்னு சொல்வாங்க

சுந்தரம் சித்தப்பா: மாப்ளே, தமிழ்ல அடிங்க.
அடுத்தது அவர் நடிச்ச ஹரிதாஸ் படம். 'மூன்று ஆண்டுகள் ஓடியது'ன்னு போட்டிருக்கான். 1944 தீபாவளிக்கு, அக்டோபர் 16, ரிலீஸ். பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது: 44, 45, 46. மூணு கம்பம் நட்டா நடுவுல ரெண்டு இடைவெளிதானே? ரெண்டு வருஷம், மேல கொஞ்சம். '110 வாரம்'னு இன்னொரு பக்கத்துல அவனே எழுதியிருக்கான். 110ஐ 52ஆல வகுத்துப் பார்க்கல.

கார்த்தி: மூணு வருஷம்னாதான் கெத்து சித்தப்பா

லலிதா அத்தை: அதிரசம் ஆளுக்கு ரெண்டா மூணா? மாஸ்டர் கேக்கறார்

ராஜி அக்கா: ரெண்டு

சுந்தரம் சித்தப்பா: பெரிய தப்பு லட்சுமிகாந்தன் கொலை கேஸ்ல. லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அப்போ நமக்கு மேல இருந்த கடைசி அப்பீல் கோர்ட், விடுதலை பண்ணுச்சுன்னு இருக்கு. இல்லை. மஞ்சள் பத்திரிகை நடத்தின லட்சுமிகாந்தனை 1944 நவம்பர் 8 வேப்பேரியில குத்தினாங்க, மறுநாள் இறந்தான். 45 மே மாசம் ஜூரி தீர்ப்பு, பாகவதருக்கும் காமெடி நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தோத்துது. பிரிவி கவுன்சில் செஞ்சது, அப்பீலை மறுபடி விசாரிங்கன்னு சென்னைக்கே திருப்பி அனுப்பினது. 47 ஏப்ரல்ல விடுதலை பண்ணது சென்னை ஹைகோர்ட்தான். அதே கேஸ்ல மாட்டின டைரக்டர் ஶ்ரீராமுலு நாயுடுவும் ஜெயில்ல கிடந்து கூடவே வெளிய வந்தார்ங்கறதும் தப்பு, அவரை 45 தீர்ப்புலயே விட்டாச்சு.

கார்த்தி: படிச்சேன் (பாதி)

குமார் மாமா துபாய்: இது கல்யாணப் பையில போடற புக்கா? கொலை கேஸ் எல்லாம் மங்களமா?

லலிதா அத்தை: அதான் நானும் கேக்கறேன். கந்த சஷ்டி கவசம் போட்டிருக்கலாம்

ராஜி அக்கா: பெரியப்பாதான் இது வேணும்னார். முடிஞ்ச விஷயம்

சுந்தரம் சித்தப்பா: 'சிறைக்குப் பின் நடிக்கவே இல்லை'ன்னு ஒரு வரி. மொத்தம் 14 படம். பவளக்கொடியிலேருந்து ஹரிதாஸ் வரை 9. வெளிய வந்து ராஜமுக்தி, அமரகவி, சியாமளா, புது வாழ்வு, சிவகாமி, 5. சிவகாமி அவர் போன பிறகு 1960ல வந்தது. ஓடலைன்னு எழுது, ஒத்துக்கறேன். நடிக்கலைன்னு எழுதாதே.

கார்த்தி: அப்ப புக்கே வேஸ்ட்டா?

சுந்தரம் சித்தப்பா: யார் சொன்னா? பாட்டு அத்தியாயம் பிரமாதம். 'மன்மத லீலையை' சாருகேசி ராகம், எழுதினது பாபநாசம் சிவன். எல்லாம் சரியா இருக்கு. அந்த 20 பக்கத்துக்காகவே கொடுக்கலாம்.

லலிதா அத்தை: தங்கத் தட்டுல சாப்பிட்டார்னு இருக்கா?

சுந்தரம் சித்தப்பா: இருக்கு. 'சொல்வார்கள்'னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கணும்.

லலிதா அத்தை: தட்டுன்னதும் ஞாபகம் வருது. அம்மாவோட வெள்ளித் தட்டு இப்ப யார்கிட்ட இருக்கு?

ராஜி அக்கா: அத்தை ப்ளீஸ். இங்க வேண்டாம்

குமார் மாமா துபாய்: 🤐

கார்த்தி: பிழைதிருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடலாமா?

சுந்தரம் சித்தப்பா: அதான் சரி. ஏ4ல ஆறு சீட்டு வரும். 34 தாள் போதும், 204 கிடைக்கும். லேசர் பிரிண்ட் எடு, இங்க்ஜெட் வேண்டாம், வெத்தலை ஈரம் பட்டா மை ஊறிடும். முழுசா கோந்து தடவினா காகிதம் சுருங்கி அட்டை வளைஞ்சுக்கும். உள்பக்க ஓரத்துல மட்டும், முதுகு ஓரமா, அரை செ.மீ. பட்டையா பசைக்குச்சியால ஒரு கோடு. பத்துப் பத்தா அடுக்கி மேல அம்மிக்குழவி வெச்சு ரெண்டு மணி நேரம் விட்டுடு. ஸ்டேப்ளர் அடிக்காதே, துருப்பிடிக்கும், பையிலயும் மாட்டும்.

கார்த்தி: அம்மிக்குழவி 😭

ராஜி அக்கா: புக்கை தனி கவர்ல போட்டுத்தான் பையில வைக்கணும். தேங்காய் ஈரமா இருக்கும்

குமார் மாமா துபாய்: கவர் காசு நான் தர மாட்டேன், சொல்லிட்டேன்

சுந்தரம் சித்தப்பா: எழுதினவருக்கு நாலு திருத்தமும் லெட்டர் போடறேன். அடுத்த பதிப்புல சரி பண்ணட்டும்.

லலிதா அத்தை: அதெல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழமை விசேஷம், யார் ஒட்டறது?

கார்த்தி: சனிக்கிழமை ஆபீஸ் இருக்கு

ராஜி அக்கா: எனக்கு பூ வேலை

சுந்தரம் சித்தப்பா: மேட்டர் நான் எழுதித் தரேன். ஒட்டறது பசங்க.

ராஜி அக்கா: மாமியார் இப்பதான் பார்த்தாங்க. அந்த மாயவரம் திருத்தத்தை பெரிய எழுத்துல போடச் சொல்றாங்க

லலிதா அத்தை: சுந்தரம், அந்த வரி கடைசியா வரட்டும். பொடி எழுத்துல