8, 40, 40, 8: ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் வேலை நேரக் கணக்கு

யாரா_கரை:
கோயம்புத்தூர்க் கல்வி ஆலோசகர் ஒருவர், "இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதானே விதி, அடுத்தடுத்த நான்கு வாரங்களில் 8, 40, 40, 8 மணி நேரம் என்று வேலை பார்த்தாலும் தவறில்லை" என்று காணொளியில் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் பிள்ளைகள் ஷிப்ட் வாங்குகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். 8105 என்ற விசா நிபந்தனைப்படி எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கி 14 நாள் எண்ணினாலும் 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு வாரத்தில் 48, கடைசி இரண்டில் 48, சரி. நடுவில் உள்ள இரண்டு வாரத்தைக் கூட்டினால் 80 வருகிறதே!

சூலூர்_தம்பி:
எனக்குச் சம்பளச் சீட்டு இரண்டு வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றிலும் 48 மணி நேரத்துக்கு மேல் இல்லை, இதுவரை யாரும் கேட்டதும் இல்லை. 2022-இல் வரம்பே இல்லாதபோது முழுநேரம் உழைத்துச் சம்பாதித்துவிட்டு, இப்போது வந்தவர்களுக்குச் சட்டம் சொல்ல வந்துவிட்டீர்கள்.

யாரா_கரை:
கொரோனாவுக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் 2022 ஜனவரி முதல் 2023 ஜூன் 30 வரை அரசே வரம்பைத் தளர்த்தியிருந்தது. அப்போது உழைத்ததில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மறுநாள் வரம்பு திரும்பியபோது, முன்பு 40 ஆக இருந்ததை 48 ஆக உயர்த்தினார்கள். சம்பளச் சீட்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பது முதலாளியின் வசதி, அதற்கும் விசாவுக்கும் தொடர்பில்லை. உங்கள் ரோஸ்டரில், அதாவது வேலை நேரப் பட்டியலில், இரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமையில் விரலை வைத்து 14 நாள் எண்ணிப் பாருங்கள். 80 வருகிறதா, இல்லையா?

பேர்த்_செவிலி:
இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கல்லூரி விடுமுறையில் வரம்பே கிடையாது, படிப்பு தொடங்கும் முன்போ ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்குப் பாடத்திட்டத்தில் பதிவான கட்டாய மருத்துவமனைப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது. புதிதாக வருபவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

சூலூர்_தம்பி:
அக்கா சொல்வதைத்தான் ஆலோசகரும் சொன்னார். டிசம்பர் விடுமுறையில் நான்கு வாரமும் 40 பார்க்கலாம்.

யாரா_கரை:
அவர் டிசம்பரைப் பற்றிப் பேசவே இல்லை. செமஸ்டர் நடக்கும்போதே 8, 40, 40, 8 பார்க்கலாம் என்றார். ஏபிஎன் என்ற சுயதொழில் பதிவெண் எடுத்து உணவு விநியோகம் செய்தால் கணக்கில் வராது என்று வேறு அதே காணொளியில் சொல்கிறார். சுயதொழில் என்றாலும் அது வேலைதான். ஆண்டுச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும், 2025 ஜூலை முதல் விசாக் கட்டணம் மட்டும் 2,000 டாலர். வீட்டை அடகு வைத்து இதைப் புரட்டும் பெற்றோரிடம், "அங்கே போனதும் பையன் சம்பாதித்து அடைத்துவிடுவான்" என்று ஆசை காட்டுபவர்களும் இவர்களேதான்.

சூலூர்_தம்பி:
என் வீட்டு அடகை இங்கே இழுக்க வேண்டாம். போன ஆண்டு வாடகை முன்பணம் பற்றி நீங்கள் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் நான் நடுத்தெருவில் நின்றேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

யாரா_கரை:
முன்பணத்தைப் பிறகு பேசுவோம், 80-க்குப் பதில் சொல்லுங்கள்.

சூலூர்_தம்பி:
மேலாளர் போடும் ரோஸ்டரை மாற்றச் சொன்னால் அடுத்த வாரம் என் பெயரே அதில் இருக்காது. அப்போது நீங்கள் வாடகை கட்டுவீர்களா?

யாரா_கரை:
விசாவைச் சாக்கிட்டு ஒரு முதலாளி மாணவரை நிபந்தனை மீறி வேலை செய்யக் கட்டாயப்படுத்தினால், 2024 ஜூலை 1 முதல் அது குற்றம். புகார் செய்பவரின் விசாவுக்குப் பாதுகாப்பும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலாளருக்குப் பயந்து 80 மணி நேரம் நிற்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

சூலூர்_தம்பி:
யாரும் கட்டாயப்படுத்தினார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நான் கேட்டது வாடகையைப் பற்றி.