கோல்டு 200 சுருளில் நிழல்கள் பச்சையாகத் தெரிவது ஏன்?

கேள்வி (மன்னார்குடி): வணக்கம். பென்டாக்ஸ் கே1000 கேமராவில் கோடக் கோல்டு 200 கலர் ஃபிலிம் சுருளைப் போட்டு, நடவு வயல்களையும் திண்ணையில் அமர்ந்திருந்த அப்பாயியையும் எடுத்தேன். இதமான மஞ்சள் சாயல் தரும் சுருள் என்று நம்பியே வாங்கினேன். ஆனால் ஸ்கேன் செய்து வந்த படங்களில் நிழல்கள் பச்சை கலந்த சேற்று நிறத்திலும் பெரும் புள்ளிகளுடனும் இருக்கின்றன. போர்ட்ரா 400 சுருளுக்கு மாற வேண்டுமா? அதன் விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

பதில் (கும்பகோணம்): மாறுவதற்கு முன் நெகட்டிவை (கழுவி வந்த சுருளை) ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்த இடங்களில் விவரம் எதுவுமின்றி, சுருளின் ஓரத்தில் உள்ள அதே வெற்று ஆரஞ்சு நிறம் தெரிந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். அங்கே இல்லாததை ஸ்கேனர் வலிந்து தேடுவதால்தான் பச்சையும் புள்ளிகளும் எழுகின்றன. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை எங்கே காட்டி அளந்தீர்கள்?

கேள்வியாளர்: நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, ஐயா. வயலை நேராகப் பார்த்து அளந்தேன்.

பதில் (கும்பகோணம்): காரணம் அதுதான். அந்தக் கேமராவின் மீட்டர் சட்டகம் முழுவதையும் சராசரியாக அளப்பது. மேலே வானம், கீழே நடவு வயலில் தேங்கிய நீரில் மீண்டும் அதே வானம் என்று இரண்டு பக்கமும் வெளுத்திருந்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி அது ஒளியைக் குறைக்கச் சொல்லும். ஆகவே சுருளின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. வளையத்தை, கூடுதல் ஒளி விழும்படி 100-இல் வைத்து, வெயில் படும் வரப்புப் புல்லை மட்டும் சட்டகம் நிறையக் காட்டி அளந்து, அந்த அளவை மாற்றாமல் படமெடுங்கள். கலர் நெகட்டிவ் ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்ளும், குறைவைத்தான் தாங்காது. கழுவக் கொடுக்கும்போது கலர் நெகட்டிவுக்கான வழக்கமான சி-41 முறையே போதும் என்று சொல்லுங்கள். கழுவும் நேரத்தைக் கூட்டும் புஷ், குறைக்கும் புல் எதுவும் வேண்டாம்.

பதில் (திருவையாறு): ஒன்று சேர்க்கிறேன். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியில் சுருளை வைக்காதீர்கள். என்னுடைய இரண்டு சுருள்கள் அப்படித்தான் மங்கின. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர் கோக்காமல் இருக்க, டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள்.

கேள்வியாளர்: இரண்டாவது சுருள் வந்துவிட்டது. வயல் படங்களில் அந்த மஞ்சள் கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. தென்னந்தோப்பில் எடுத்த அப்பாயியின் முகத்தில் மட்டும் இன்னும் பச்சை இருக்கிறது.

பதில் (கும்பகோணம்): அது சுருளின் குறையன்று. ஓலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியே பச்சைதான். நம் கண் அதைப் பழக்கத்தால் கழித்துவிடுகிறது, சுருள் கழிப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு அவரைத் தோப்பின் மேற்கு ஓரத்தில், முகத்தில் வெயில் படும்படி அமர்த்துங்கள்.