சாளையில டிடிடி குறையுது, ரோத்தேன் ஏறுது. கோளாறு மீன்லயா, மிஷின்லயா?

உப்பளம்24:
வணக்கம். கடல் உயிரியல்ல ஆராய்ச்சி, இரண்டாம் வருஷம். தூத்துக்குடி திரேஸ்புரத்துல வள்ளம் கரை சேர்ந்ததும் வாங்கின சாளையில டிடிடி (DDT) மாதிரி பழைய பூச்சிக்கொல்லி மிச்சம் அளக்குறேன். சதையை அரைச்சு, சோடியம் சல்பேட் போட்டு ஈரம் எடுத்து, சாக்ஸ்லெட்ல (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுச் சாறு எடுக்கிற கருவி) ஹெக்சேன்-அசிட்டோன். சாறைச் சுத்தம் பண்ண ஃபுளோரிசில் தூள் மட்டும். அளக்குறது ஜிசி-ஈசிடி, சாறை ஆவியாக்கி ஒவ்வொரு பொருளாப் பிரிச்சு அளக்குற மிஷின்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம். டிடிடியில ஒரு குளோரின் கழன்டு ஹைட்ரஜன் ஏறினா வர்ற பொருளையும் (DDD) தமிழ்ல எழுதினா டிடிடின்னுதான் வருது. அதுக்கு இருக்கிற இன்னொரு சுருக்கப் பெயரை (TDE) எழுதினா, டிடிடி உடைஞ்சா வர்ற இன்னொரு பொருளான டிடிஈயோட (DDE) முட்டுது! ஒரு காலத்துல அதையே ரோத்தேன்னு பூச்சிமருந்தா வித்தாங்க, அதனால இங்க ரோத்தேன்னே எழுதுறேன்.

பிரச்சினை இதுதான். ராத்திரி 24 குப்பி சாறு மிஷின்ல வரிசையா ஓட விட்டேன். ஒரே மீனோட சாறு 3-வது குப்பியிலயும் இருக்கு, 21-வதுலயும் இருக்கு. 3-வதுல டிடிடி 6.1, ரோத்தேன் 2.0 (ஈர எடையில கிராமுக்கு நானோகிராம்). 21-வதுல டிடிடி 2.3, ரோத்தேன் 5.2. டிடிஈ கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. மீன் இல்லாம ஓட்டின வெற்றுச்சோதனை சுத்தம்.

"ரோத்தேன் அதிகம், ஆகவே கடலடிச் சேற்றில் காற்றில்லாச் சிதைவு"ன்னு ஒரு பத்தி எழுதி கைடுகிட்ட குடுத்தும் ஆச்சு. இப்ப பயமா இருக்கு.

கண்ணாடிக்குழல்:
பத்தியைத் திருப்பி வாங்கிடு தம்பி. சிதைவு நடந்தது சேத்துல இல்ல, மிஷினுக்குள்ள சாறு நுழையிற சூடான வாயில, உன் இன்லெட்ல. அதுக்குள்ள இருக்கிற கண்ணாடிக் குழாய், லைனர், எப்ப மாத்தினது? ஓட்டத்தோட கடைசியில ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச கலவை) வச்சியா?

உப்பளம்24:
லைனர் மாத்தினது எங்க லேப்ல யாருக்கும் ஞாபகம் இல்ல அண்ணே. ஸ்டாண்டர்டு தொடக்கத்துல மட்டும்தான்.

கண்ணாடிக்குழல்:
நினைச்சேன். 250 டிகிரியில சூடா இருக்கிற கண்ணாடியில மீன்கொழுப்பு தீஞ்சு ஒட்டிக்கும். அந்தக் கரி மேல பட்டா டிடிடி அங்கேயே உடைஞ்சு ரோத்தேனாவும் டிடிஈயாவும் மாறும். ஒவ்வொரு குப்பிக்கும் அழுக்கு ஏறும், உடையறதும் ஏறும். 21-வது குப்பி கெட்டதுக்கு அதுக்கு முன்னாடி போன 20-ம் காரணம்.

டிடிடியும் எண்ட்ரின்ங்கிற இன்னொரு பூச்சிக்கொல்லியும் மட்டும் கலந்த ஸ்டாண்டர்டு ஒண்ணை இப்பவே போடு. ரோத்தேன், டிடிஈ ரெண்டையும் கூட்டி, டிடிடியும் சேர்த்த மூணோட மொத்தத்தால வகு, அதுதான் உடைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோட 8081 முறை 15 சதவீதம் வரைக்கும்தான் விடும். எண்ட்ரின் உடைஞ்சா ஆல்டிஹைடு, கீட்டோன்னு வரைபடத்துல ரெண்டு உபரி பீக் (மேடு) வரும், அதுக்கும் அதே வரம்பு. போட்டுட்டு லைனரைக் கழட்டிப் பாரு.

உப்பளம்24:
டிடிடி உடைவு 41 சதவீதம். எண்ட்ரினுக்கு ரெண்டு உபரி பீக்கும் இருக்கு. லைனரைக் கழட்டினா உள்ள இருக்கிற கண்ணாடிப் பஞ்சு காப்பித்தூள் நிறம். மூக்குக்கிட்ட கொண்டுபோனா கருவாடு கருகின வாடை. எங்கம்மா அடுப்பை அணைக்க மறந்த நாள் மாதிரி.

கண்ணாடிக்குழல்:
சரி. செயலிழக்கப் பண்ணின (டிடிடியை உடைக்காத பூச்சு போட்ட) புது லைனர் போடு, முடிஞ்சா பஞ்சு இல்லாதது. ஊசி குத்துற ரப்பர் வில்லை, செப்டம், அதையும் மாத்து. பொருளைப் பிரிக்கிற நீளக் குழலோட (காலம், column) தலைப்பக்கம் அரை மீட்டர் வெட்டு. பீக் வர்ற நேரம் கொஞ்சம் முன்னால நகரும், ஸ்டாண்டர்டு திரும்ப ஓட்டு. இனிமே பத்து குப்பிக்கு ஒரு தடவை இந்தச் சோதனை. பழைய குப்பியைத் திரும்பப் போடுறதுன்னா, ஊசி குத்தின ஓட்டை வழியா ஹெக்சேன் பறந்திருக்கும், உள்தர ஸ்டாண்டர்டு (சாறுலயே தெரிஞ்ச அளவு சேர்த்த பொருள்) இல்லாம அந்த எண்ணை நம்பாதே.

மூலகாரணம் கொழுப்புதான். சாளை மாதிரி கொழுப்பு அதிகமான மீனுக்கு ஃபுளோரிசில் மட்டும் பத்தாது. கந்தக அமிலம் ஏத்தின சிலிக்கா வழியா விடு, கொழுப்பு கருகி மேலயே நின்னுடும்.

நீலத்திமிங்கிலம்:
அண்ணன் சொன்னதுல ஒரு எச்சரிக்கை. அமிலம் டீல்ட்ரின், எண்ட்ரின்ங்கிற பூச்சிக்கொல்லிகளைத் தின்னுடும். டிடிடி, ஹெச்சிஹெச் (இன்னொரு பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்மாற்றி எண்ணெய்ல இருந்த மாசு) தாங்கும். தெரியாம எல்லாத்தையும் அமிலத்துல விட்டுட்டு, "டீல்ட்ரின் கண்டறியப்படவில்லை"ன்னு எழுதின அறிக்கை ஒண்ணு என் கைக்கே வந்திருக்கு. சாறை ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதி அமிலத்துக்கு, இன்னொரு பாதி ஜெல் நிரப்பின குழலுக்கு (ஜெல் காலம்), அது மூலக்கூறு பெருசை முதல்ல வெளிய தள்ளி கொழுப்பைப் பிரிச்சுடும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து உலர்த்தி கொழுப்பு எடையும் எழுதி வைங்க. சாளை கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். ஈர எடையை மட்டும் வச்சு ரெண்டு மாசத்தை ஒப்பிட்டா, மாசு கூடுச்சா மீன் கொழுத்துச்சான்னு பிரிக்க முடியாது.

வலைக்காரன்வீட்டுப்பையன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்ல வாரத்துல அஞ்சு நாள் சாளைக் குழம்பு. விவசாயத்துல டிடிடியை 1989-லயே நிறுத்திட்டாங்கன்னு படிச்சேன், அப்புறம் எப்படி மீன்ல? சாப்பிடலாமா வேண்டாமா?

நீலத்திமிங்கிலம்:
விவசாயத்துலதான் நிறுத்தினது. மலேரியா, காலா அசார் காய்ச்சலுக்குச் சுவர்ல அடிக்கிறதுக்கு அதுக்கப்புறமும் அனுமதி இருந்துச்சு, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் அதுக்கு இடம் குடுக்குது. மண்ணுல தங்கினது மழையோட ஆத்துக்கு வரும், ஆறு கடலுக்கு. சாப்பிடுற கேள்விக்கு இந்த இழையில இருக்கிற நம்பரை வச்சு நான் வாய் திறக்க மாட்டேன். உடைஞ்ச மிஷின் சொன்ன நம்பர் அது. பொதுவா இந்தப் பொருளெல்லாம் கொழுப்போடதான் போகும், தோலும் வயித்துப்பக்கமும்தான் அதிகம்.

உப்பளம்24:
லைனர், செப்டம் மாத்தியாச்சு, காலமும் வெட்டியாச்சு. உடைவு 6 சதவீதம். அதே மீனோட சாறு ஃப்ரீசர்ல கொஞ்சம் இருந்துச்சு, புதுக் குப்பியில போட்டேன்: டிடிடி 5.8, ரோத்தேன் 2.2. மூணாவது குப்பியோட பொருந்துது.

கைடுகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "அப்ப டிடிடி, ரோத்தேன், டிடிஈ மூணையும் மொத்த டிடிடின்னு கூட்டி மட்டும் போடுவோம், அது பெருசா மாறாதே"ன்னார். போடலாமா அண்ணே?

கண்ணாடிக்குழல்:
கூட்டுத்தொகை ஓரளவு தப்பிக்கும், ஏன்னா உடைஞ்சதும் அதே கணக்குல வந்து சேருது. ஆனா உன் கட்டுரை தலைப்பே "புதிய டிடிடியா பழைய டிடிடியா"ன்னு டிடிடிக்கும் அது உடைஞ்ச பொருளுக்கும் உள்ள விகிதத்தை வச்சுதானே? அந்த 24 குப்பியில பத்தாவதுக்கு மேல உள்ளதை எல்லாம் திரும்ப ஓட்டு.

உப்பளம்24:
பதினாலுல ஒம்பதுக்குச் சாறு இருக்கு. மீதி அஞ்சுக்கு அரைச்ச சதை அலுமினியத் தாள்ல சுத்தி மைனஸ் 20-ல கிடக்கு. திங்கக்கிழமை சாக்ஸ்லெட் காலியா இருக்கான்னு கேட்டிருக்கேன்.