புதுப்பிப்பு: சர்க்கரையும் விந்தணு எண்ணிக்கையும், நான்கு மாதம் கழித்து

பங்குனியில் எழுதியதன் தொடர்ச்சி இது. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை, விந்தணு ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம், மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 7.4 சதவீதம், எடை 94 கிலோ என்று புலம்பியிருந்தேன். விந்தணு எண்ணிக்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம்.

"சர்க்கரைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர் சொன்னது: சர்க்கரையோடு எடையும் சேர்ந்து செய்யும் வேலை இது. உடம்பின் கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அதைப் பார்த்து மூளை, விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும். போதாததற்கு, ஏறிய சர்க்கரை விந்தணுவின் டிஎன்ஏவையும் சிதைக்கலாம்.

ஜிம்மில் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னார் என்றேனே, நல்லவேளை போடவில்லை. வெளியிலிருந்து ஏற்றினால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாமாம்!

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரை, காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை, ராத்திரி புரோட்டாவுக்கு முழுக்கு. கோரிப்பாளையம் பக்கம் கல்லில் கொத்தும் சத்தம் கேட்டாலே வண்டியை முறுக்கிவிடுவேன். ஜிகர்தண்டா மட்டும் மாதம் ஒன்று. அது வீட்டம்மாவுக்கும் தெரியும்.

விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால் ஆடியில்தான் மறுபரிசோதனை. எடை 86, சர்க்கரை 6.3, எண்ணிக்கை 1 கோடியே 80 லட்சம். நீந்தும் அணுக்கள் இன்னும் குறைவுதான்.

அப்புறம், "அவளிடம் ஒரு குறையும் இல்லைம்மா, எனக்குத்தான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அம்மா பேசவே இல்லை. மறுநாள் என் தட்டில் ஐந்து இட்லிக்குப் பதில் மூன்றுதான் இருந்தது.