பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைத்தால், பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவது?

வைகைக்கரை (கேள்வி):
மகளுக்கு ஆவணியில் ஏழு வயது முடிகிறது. மதுரைக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில், ஆங்கில வழியில், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரந்தோறும் தேர்வு, வீடு திரும்பியதும் இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம் என்று ஓடிய ஓட்டத்தில், கதைப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவள் இப்போது புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்ப்பதால், நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் போலீஸ் வரும் என்கிறார் மாமியார். சட்டம் என்ன சொல்கிறது? பொதுத்தேர்வுக்கு என்ன வழி?

நொய்யல் (மறுமொழி):
போலீஸ் வராது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் வகுக்கவில்லை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்குத்தான் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே உங்கள் மகளுக்கு மட்டும் நீங்கள் கற்பிப்பது வேறு. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆசிரியர் வைத்து, பெயர்ப் பலகை மாட்டுவது வேறு.

உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர் கல்வித் துறையின் வட்டார வள மையத்தைச் சேர்ந்த ஆசிரியர் பயிற்றுநர். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) வேறு பள்ளியில் சேராமல் பொதுத் தொகுப்பிலேயே கிடந்தால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவர் விசாரிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மகனின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

தேர்வுக்கு நாங்கள் எடுத்த வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வைக்கும் மத்திய அரசின் வாரியம் (என்.ஐ.ஓ.எஸ்.). 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடங்கள், பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். என் மகன் முதலில் இரண்டு பாடங்களையும், அடுத்த சுற்றில் மூன்றையும் எழுதினான். ஒரே மூச்சில் எழுதச் சொல்லியிருந்தால் திணறியிருப்பான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (மறுமொழி):
மேலே சொல்லப்பட்டது சரி. ஆனால் நம் மாநில வழி ஒன்றும் உண்டு, அதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதலாம். அதில் தேறியவர் பதினான்கரை வயதில் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும் என்பதை மறந்து, கடைசி நேரத்தில் என் அறைக்கு வந்து நின்ற பெற்றோர் பலர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கேட்கின்றன (புதுமைப் பெண் திட்டத்துக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததும் செல்லும்). அரசு வேலையில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையோ, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்கிறது; அது உங்கள் மகளுக்கு இப்போதே கைநழுவிவிட்டது, வீட்டுக்கல்வியால் புதிதாக இழப்பதற்கில்லை. மற்ற இரண்டும் ஆறாம் வகுப்பு வரை உங்களுக்காகக் காத்திருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் பள்ளிக்குப் போகாத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பருவம் முடியும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பது உங்களுக்கு அதிகம் இழப்பில்லாத வழி என்பது என் கருத்து.

மல்லிகைப்பந்தல் (மறுமொழி):
ஐயா ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்கச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மா, உங்கள் பிள்ளை வெறுத்திருப்பது பள்ளி என்ற ஒன்றையா, அந்தப் பள்ளியையா? என் மகன் இதே வயதில் இதே போலத்தான் இருந்தான். தெருக்கோடியிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே மூன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் இல்லை, இரண்டு வகுப்புக்கும் ஒருவர்தான். அந்தக் குறையை மறைக்க மாட்டேன். ஆனால் காலை உணவு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் வைத்திருந்தார்கள். சேர்க்கும் முன் உங்கள் ஊர்ப் பள்ளியில் அரை நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. திங்கட்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போகிறேன். மாற்றுச் சான்றிதழ் கேட்பதை அதன்பின் வைத்துக்கொள்கிறேன்.