நீராவி எஞ்சினை டிரெய்லரில் ஏற்ற வேண்டும், சக்கரம் சுற்றவில்லை. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், ஸ்டாங்கர் பக்கம் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பூங்காவில் கரும்பாலை எஞ்சின் ஒன்று பல காலமாகக் காட்சிக்கு நிற்கிறது. ஏவன்சைடு கம்பெனி செய்தது, தண்டவாள அகலம் 610 மி.மீ. எங்கள் தாத்தாமார் கரும்பு ஏற்றி ஓட்டிய வண்டி. கடற்காற்றில் துருவேறுவதால் கூரையுள்ள ஷெட்டுக்கு மாற்றப் போகிறோம். டிராக்டர் கட்டி இழுத்தால் சக்கரம் இளகிவிடும் என்கிறார் லாரிக்காரர். பாய்லரைச் சுற்றிக் கயிறு போட்டுத் தூக்கலாம் என்கிறார் கிரேன்காரர். எது சரி?

பதில் (ஆலை லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்):
இரண்டும் வேண்டாம் தம்பி. பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டியிருக்கும், பிஸ்டன் சிலிண்டருக்குள் துருப்பிடித்திருக்கும், ஆக்சில் பாக்ஸில் (சக்கர அச்சைத் தாங்கும் பெட்டி) எண்ணெய் போய் மழைத்தண்ணீர் நின்றிருக்கும். அப்படியே இழுத்தால் சக்கரம் சுற்றாமல் தேய்ந்து தட்டையாகும், ராடு வளையும். பாய்லரில் கயிறு போட்டால் மேல்தகடு நசுங்கும். மொத்த எடையையும் அப்படித் தூக்க அது செய்யப்பட்டதல்ல.

முதலில் பிரேக் கட்டைகளைக் கழற்று. அப்புறம் இரண்டு பக்கமும் சக்கரத்தைச் சுற்றும் கனெக்டிங் ராடை எடுத்துவிட்டு, அது பிஸ்டன் ராடோடு சேரும் கிராஸ்ஹெட் நகராதபடி மரக்கட்டை வைத்துக் கட்டு. பிஸ்டனை இளக்கப் பாடுபட வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வால்வு ராடுகளையும் பிரித்துவிடு, இல்லையென்றால் சக்கரம் சுற்றும்போது அவையும் இழுபடும். ஆக்சில் பாக்ஸின் அடிமூடியைத் திறந்து தண்ணீரையும் சேற்றையும் துடைத்து, புது எண்ணெய் ஊற்று. ஜாக்கை ஃப்ரேமுக்கு அடியில் மட்டும் வை. உயர்த்த உயர்த்த ஸ்லீப்பர் கட்டை அடுக்கிக்கொண்டே வர வேண்டும்; ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்டக் கூடாது. சக்கரம் தண்டவாளத்தை விட்டுச் சற்று எழும்பியதும் கையால் சுற்றிப் பாருங்கள்.

இன்னொருவர்:
அண்ணா சொன்ன வேலைக்கு முன்னால் ஒன்று. பாய்லரை மூடிய மேல்தகட்டுக்கு உள்ளே, சூடு வெளியே போகாமல் இருக்க அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பூசுவார்கள். இங்கே அதை 2008-இல் தடை செய்துவிட்டார்கள், பழைய எஞ்சினுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். தகட்டில் ஓட்டை இருந்தால் ரோட்டு அதிர்ச்சியில் தூள் கொட்டும். நுரையீரலுக்கு ஆகாது. நீங்களே சுரண்டாமல், உரிமம் உள்ளவர்களை வைத்து மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

கேட்டவர்:
ஓட்டை இருக்கிறது ஐயா, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. பிள்ளைகள் ஏறி விளையாடும் இடம் அது! இன்றே கயிறு கட்டி மறித்துவிட்டோம். சோதனை முடிந்த பிறகு எப்படி ஏற்றுவது?

ஷெட்டில் வேலை பார்த்தவர்:
நல்ல காரியம். டிரெய்லர் மேல் தண்டவாளம் போட்டு, சரிவு அமைத்து, வின்ச்சால் மெதுவாக இழுங்கள். கேபிள் ஃப்ரேமில் மாட்ட வேண்டும். பின்பக்கம் பிடித்து நிறுத்த இன்னொரு கேபிள் கட்டாயம். பாய்லர், தொட்டி இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. ஏற்றியதும் ஆக்சில் பாக்ஸுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே கட்டை செருகுங்கள், ஸ்பிரிங் குதித்தால் எஞ்சினை டிரெய்லரோடு கட்டிய சங்கிலி தளரும். புகைபோக்கி உச்சி வரை அளந்து பாருங்கள், இங்கே ரோட்டில் 4.3 மீட்டருக்கு மேல் போனால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

கேட்டவர்:
சரி ஐயா. லாரியைத் தள்ளிப் போட்டுவிட்டு, மாதிரி எடுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறோம்.