புதுப்பிப்பு: மூன்று தலைமுறைக்கும் ஒரே கப்பல், முடிவு செய்தாகிவிட்டது

தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் சேர்ந்து போக எந்தச் சொகுசுக் கப்பல் சரிப்படும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒருவழியாக முன்பதிவு முடிந்தது.

கடைசியில் முடிவைத் தீர்மானித்தது கப்பல் இல்லை, துறைமுகங்கள். 'டெண்டர்' என்று குறித்திருக்கும் ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். ஆடுகிற படகுக்குள் அப்பா கைத்தடியோடு கால் எடுத்து வைப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், அந்த வழித்தடத்தை அடித்துவிட்டேன். சக்கர நாற்காலி என்றால், அலை அதிகமிருக்கும் நாளில் ஏற்றவே மறுக்கலாம். இப்போது எடுத்திருப்பதில் எல்லா ஊரிலும் நேராகக் கரைக்கே நடந்து இறங்கலாம்.

குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 6 மாத வயது கேட்கின்றன. பெருங்கடலைக் கடக்கும் பயணம் என்றால் 12 மாதம். எங்கள் வாண்டு தேறிவிட்டது. ஆனால் கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் மன்றத்தில் பொதுவாக 3 வயதுக்குமேல்தான் சேர்ப்பார்கள். அதனால் யார் எப்போது பார்த்துக்கொள்வது என்ற பேரம் இப்போதே ஆரம்பம்.

அறைகள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். அங்கே ஆட்டம் குறைவு. அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு. பால்கனி கேட்ட தம்பி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம், பயணக் காப்பீடு பாக்கி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், கப்பலிலிருந்து அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவுக்கும் சேர்த்து யாராவது பாலிசி எடுத்திருந்தால் சொல்லுங்கள்.